தில்லைப் பால்

மரத்துக்கு வாயும் மானுக்குப் பேச்சும் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் கடலோரத்தில் ஒரு காடு இருந்தது. ஒரே காடுதான் என்றாலும் அதற்குள் பல நிலங்கள் இருந்தன. கடலை ஒட்டி மணல்மேடு. அதில் புன்னையும் தாழையும். மேட்டுக்கு இந்தப் பக்கம், பகலிலும் இருட்டாகக் கிடக்கும் புதர்க்காடு. அதைத் தாண்டினால் வெளிமான்கள் மேயும் புல்வெளி. புல்வெளி முடிகிற இடத்தில் சேறு தொடங்கும். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நின்று பூநாரைகள் இறங்கும். மழை ஓய்ந்தபின் தண்ணீர் வற்றி, மேலே உப்புப் பூத்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை வெள்ளையாகிவிடும்.

அந்த வெள்ளைத் தரையின் ஓரத்தில் சில குடும்பங்கள் பாத்தி கட்டி உப்பு விளைவித்தன. உப்பு விளைகிற இடத்துக்கு அளம் என்று பெயர். அவர்களை எல்லோரும் அளத்துக்காரர்கள் என்றார்கள்.

அளத்து வேலையில் முதலில் கெடுவது கண். கீழே வெள்ளை, மேலே வெயில். காலை முதல் மாலை வரை அதையே பார்த்தால் முப்பது வயதில் தூரத்து ஆள் நிழலாகத் தெரிவான். நாற்பதில் கிட்டத்து ஆளும் நிழல்தான். அதற்கு ஒரே மருந்து தில்லை மரத்தின் பால். தில்லை சேற்றுக்கரையில் உயரமாக நின்றது. அதன் கிளையில் முள்ளால் ஒரு குத்துக் குத்தினால் வெள்ளையாக ஒரு சொட்டு வரும். கண்ணில் விட்டால் குளிர்ச்சியாக இறங்கும். அன்றைய எரிச்சல் அன்றே தீரும்.

பால் கொடுக்கும்போது, அன்று உயரத்திலிருந்து பார்த்ததையும் தில்லை சொல்லும். கடலிலிருந்து பொங்கி வரும் ஓதம் எதுவரை ஏறியது, எந்தப் பறவை வந்திருக்கிறது, காட்டுக்குள் யார் நுழைந்தார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லும். கண் மங்கியவர்களுக்கு அதுவும் மருந்தாக இருந்தது. பார்த்ததைத் தில்லை மறைக்காது. அதனால்தான் அதன் பால் கண்ணுக்கு ஆகிறது என்று அளத்துக்காரர்கள் நம்பினார்கள்.

அளத்துக்காரர்களுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. வழி கேட்டவரிடம் பொய் சொல்லக் கூடாது. வெள்ளைத் தரையில் எது கெட்டி, எது சேறு என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். அங்கே ஒரு சொல் தப்பினால் ஓர் ஆள் போய்விடுவான். சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குத் தப்பாகக் கை காட்டினால்கூட அன்று அவர்களுக்குச் சோறு கிடையாது. அதனால் அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம், "அளத்துக்காரன் சொன்ன வழி" என்றால் மறுகேள்வி இல்லை.

அந்த அளத்தில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தாய் தகப்பன் போனபின் தம்பி உத்தண்டியை அவள்தான் வளர்த்தாள். இரண்டு வருடம் தொடர்ந்து பருவம் தப்பிய மழை பெய்து, பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது. அப்போது பத்து வயதில் அவனை மேற்கே நகரத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விட்டாள். வருடத்துக்கு ஒரு முறை வந்துபோய்க்கொண்டிருந்தான். கடைசி நான்கு வருடமாக வரவில்லை.

ஒவ்வொரு நாளும் பால் வாங்கப் போகும்போது அவள் தில்லையைக் கேட்பாள்.

"தில்லை, எந்தம்பி தலை தெரியுதா?"

"கொக்குத் தலைதான் தெரியுது, புள்ள."

"நல்லாப் பாரு. கொஞ்சம் கோணலா நடந்து வருவான்."

"நண்டு வருது. வேணுமா?"

இருவரும் சிரிப்பார்கள். மறுநாளும் அதே கேள்வி, ஏறத்தாழ அதே பதில்.

மாசி மகத்தன்று மட்டும் நகரத்து ஆட்கள் காட்டுக்குள் வருவார்கள். கடலில் முழுகுவார்கள். புன்னை மரத்தில் கயிறு கட்டி ஊஞ்சல் ஆடுவார்கள். மணலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். அந்த ஒரு நாளைக் காடு பொறுத்துக்கொண்டது. மிருகங்களுக்கும் அது வேடிக்கைதான். "வாலு இல்லாத குறைக்குக் கயித்தைக் கட்டித் தொங்குறானுங்க" என்று நரி சொல்லும்.

அந்த வருடம் பெரிய வீட்டுப் பிள்ளை சேந்தன் தன் சேக்காளிகள் ஐந்து பேரோடு வந்தான். சுமை தூக்க ஓர் ஆளையும் கூட்டிவந்தான். முழுகினார்கள், ஆடினார்கள், சாப்பிட்டார்கள். அப்படியும் பொழுது மீதி இருந்தது. சேந்தன் வில்லை எடுத்தான்.

அப்போது வெள்ளச்சி பாத்தியில் நின்று பலகையால் உப்பை வாரி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். மூத்த பெண்மான் ஒன்று மூச்சு வாங்க ஓடிவந்து தில்லையின் அடியில் நின்றது.

"அளத்தக்கா, இங்க வாங்க. அவங்க வர்றாங்க."

வெள்ளச்சி பலகையைப் போட்டுவிட்டுப் போனாள். "யாரு?"

"ஊஞ்சல் ஆடினவங்க. ஊஞ்சலை அவுத்துட்டாங்க. வில்லோட வர்றாங்க."

"பசியா இருக்கும்."

"பசியாவது! இலை இலையாத் தின்னுட்டு மிச்சத்தை நரிக்கு வீசியிருக்காங்க. சும்மாதான் வர்றாங்க. பொழுது போகலையாம்."

அந்த மாதம் மான்கள் குட்டி போட்டிருந்தன. மொத்தம் பதினோரு குட்டிகள். சேற்றுக்கு நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு; அதில் உயரமான புல் வளர்ந்திருக்கும். தாய்மான்கள் குட்டிகளை அதற்குள் படுக்க வைத்திருந்தன. திட்டுக்குப் போகக் கெட்டியான வழி ஒன்றே ஒன்றுதான். மேற்குப் பக்கம் உமரிச் செடி சிவப்பாக முளைத்திருக்கும் தடம் அது; திட்டைத் தாண்டி அக்கரை வரை போகும். ஈரமாகவும் அழுக்காகவும் இருக்கும். பார்த்தால் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அந்தத் தடம் மான்களுக்கும் அளத்துக்காரர்களுக்கும் மட்டும் தெரியும்.

"புல்வெளியில ஒரு மானும் இல்லைன்னதும் திட்டைத்தான் பார்க்கிறாங்க" என்றது மான். "வழி உங்ககிட்டதான் வந்து கேப்பாங்க."

"கேட்டாச் சொல்லணுமே" என்றாள் வெள்ளச்சி.

"சொன்னாப் பதினொண்ணும் போச்சு. அதுல ரெண்டு இன்னும் நாலு கால்ல நிக்கவே பழகலை."

வெள்ளச்சி தில்லையை நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் அதுவும் ஒரு பெரிய நிழலாகத்தான் தெரிந்தது. "தெரியாதுன்னு சொல்லிடவா?"

"அளத்துக்காரிக்குத் தெரியாதுன்னா எவன் நம்புவான்?" என்றது தில்லை. "அவங்களாத் தேட ஆரம்பிப்பாங்க. நேரம் இருக்கு. உமரித் தடத்தைக் கண்டுபிடிச்சிடுவாங்க. நீ கிழக்கே காட்டு. வெள்ளைத் தரையைக் காட்டு."

"வழியில பொய் சொல்லச் சொல்றியா? எங்காளுங்க யாரும் சொன்னதில்லை."

"அவங்க வழிப்போக்கங்க இல்லை புள்ள. கொல்ல வர்றவங்க."

"வழி கேட்டவன் வழிப்போக்கன்தான். எதுக்குப் போறேன்னு நாங்க கேக்குறதில்லை."

"மாசியில அங்க முழங்கால் சேறுதான் இருக்கும். இறங்கினதும் பயந்து திரும்பிடுவாங்க. ஒரு வேட்டி அழுக்காகும். அவ்வளவுதான்."

மானின் மடியில் பால் கட்டியிருந்தது. ஓடிவந்த வேகத்தில் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அது மட்டும் வெள்ளச்சிக்குக் கிட்டத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"சரி" என்றாள். திரும்பப் போனவள் நின்றாள். தினமும் கேட்டுப் பழகிய வாய். "தில்லை, எந்தம்பி தலை தெரியுதா?"

தில்லை, "இன்னைக்கு அதையா கேக்குற? இவ பிள்ளைங்க அங்க கிடக்குதுங்க" என்றது.

வெள்ளச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேலே எதுவும் கேட்காமல் பாத்திக்கு நடந்தாள்.

சிறிது நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வெள்ளை வெளியில் ஏழு கறுப்பு உருவங்கள். அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

"அளத்துக்காரம்மா, தண்ணி கிடைக்குமா?" என்றான் சேந்தன். குரல் நல்ல மாதிரியாகத்தான் இருந்தது.

அவள் பானையைச் சாய்த்து ஊற்றினாள். ஒவ்வொருவராகக் கைகளைக் குவித்துக் குடித்தார்கள். ஆறு ஜோடிக் கைகள்.

"இன்னொருத்தர் குடிக்கலையே?"

"அவன் சுமை தூக்குறவன். அவனுக்கு என்ன தாகம்!" என்று ஒருவன் சிரித்தான்.

"சுமை தூக்குறவருக்குத்தாங்க தாகம் இருக்கும். வாங்க ஐயா."

பின்னால் நின்ற உருவம் தலையைத் தலையை ஆட்டியது. முகத்தை மறைத்துத் துண்டைப் போட்டிருந்தது. அவள் வற்புறுத்தவில்லை.

"அந்தத் திட்டுக்கு எப்படிம்மா போறது?" என்றான் சேந்தன்.

அவள் கையைத் தூக்கினாள். தூக்கிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு கிழக்கே நீட்டினாள். "அந்த வெள்ளைத் தரை மேலயே நேராப் போங்க."

"பார்த்தியா, மண்டபத்துத் தரை மாதிரி இருக்கு. நான்கூடப் பயந்துட்டேன்" என்றான் ஒருவன். பேசிக்கொண்டே நடந்தார்கள்.

ஏழாவது ஆள் உத்தண்டி.

நான்கு வருடம் அக்காவைப் பார்க்க வராதவன், வேட்டைக்காரர்களுக்குச் சுமை தூக்கிக்கொண்டு வந்து நிற்பதற்குக் கூச்சப்பட்டான். காட்டுக்குள் வில்லெடுத்து வருகிறவர்களுக்கு உதவுவதை அளத்துக்காரர்கள் இழிவாக நினைப்பார்கள். இவர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, மறுநாள் தனியாக வந்து அவள் முன்னால் நிற்கலாம் என்று நினைத்திருந்தான். அன்று காலை காட்டுக்கு வரும்போதே தில்லையின் அடியில் சுமையை இறக்கி வைத்து, அங்கேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

வெள்ளைத் தரை தொடங்கும் இடத்தில் சேந்தன் நின்றான். "டேய் உத்தண்டி, நீ இந்த ஊர்க்காரன்தானே? முன்னால நட."

உத்தண்டி தயங்கினான். "மேற்கால ஒரு தடம் உண்டுங்க. சின்ன வயசுல போன ஞாபகம். செகப்பா செடி இருக்கும்."

"அந்தம்மா கிழக்கன்னு சொல்லிச்சே. உனக்குத் தெரியுமா, அதுக்குத் தெரியுமா?"

உத்தண்டி திரும்பிப் பார்த்தான். தூரத்தில் அக்கா பாத்தி வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். தான் போனது பத்து வயதில், ஞாபகம் பிசகலாம். அக்கா சொன்ன வழி பிசகாது. "அவங்க சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்" என்று சொல்லி, சுமையோடு முன்னால் நடந்தான்.

மாசி மகம் பௌர்ணமி. முந்தின இரவு ஓதம் வழக்கத்துக்கு மேல் ஏறி, வெள்ளைத் தரையின் அடியில் புகுந்து வடிந்திருந்தது. மேலே உப்பு ஓடு மட்டும் காய்ந்து நின்றது. அடியில் கூழ். அடியில் புகுந்தது உயரத்திலிருந்து பார்த்த மரத்துக்கும் தெரியாது, மானுக்கும் தெரியாது. வெள்ளச்சியின் கண் நன்றாக இருந்திருந்தால் தரையின் பளபளப்பைப் பார்த்தே அவள் சொல்லியிருப்பாள்.

இருபது அடி வரை ஓடு தாங்கியது. பிறகு உத்தண்டி தொடை வரை இறங்கினான். காலை இழுத்தான்; இடுப்பு வரை போனான். சுமை அவனை அழுத்தியது. அவிழ்த்து எறிந்தான். ஊஞ்சல் கயிறு தோளில் இருந்தது. அதன் ஒரு முனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையைப் பின்னால் வீசினான். சேந்தனும் இன்னொருவனும் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க அவர்கள் காலடியில் ஓடு விரிசல் விட்டது. ஒருவன், "விடுடா, விட்டுட்டு வாடா" என்று கத்தினான். விட்டுவிட்டார்கள்.

"அக்கா" என்ற சத்தம் அளம் வரை கேட்டது.

வழியில் போகிற யாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளச்சி அப்படித்தான் முதலில் நினைத்தாள். இரண்டாவது சத்தம், "வெள்ளச்சியக்கா" என்று வந்தது. நகரத்தில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது.

அவள் ஓடினாள். எதிரே ஆறு பேர் ஓடிவந்தார்கள். சேந்தன் முழங்கால் வரை சேறாக இருந்தான். "பொய்யாடி சொன்ன? அளத்துக்காரி பொய்யா சொன்ன?" என்று அழுகிற குரலில் கத்தினான். அவன் பின்னால் வந்தவன், "போனது உங்க ஊரு உத்தண்டிதான்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஓடினான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைத் தரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதுவும் மெல்ல மூடிக்கொண்டிருந்தது. வயிற்றால் படுத்து ஊர்ந்தாள். கைக்குக் கிடைத்தது எல்லாம் சேறு. எந்த இடம் என்று அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளை.

அவள் தில்லையிடம் வந்தாள். மான் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நடந்தது அதற்கு இன்னும் தெரியாது. "அளத்தக்கா, பதினொண்ணும் பிழைச்சுது. உங்க பாதத்தை..." என்று தொடங்கியது. அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது.

"எந்தம்பியைப் பார்த்தியா?" என்று வெள்ளச்சி மரத்தைக் கேட்டாள்.

தில்லையால் மறைக்க முடியவில்லை. "பார்த்தேன். காலையில என் அடியிலதான் உக்காந்திருந்தான்."

"நான் கேட்டேனே."

"கேட்ட."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ எந்த வழியைக் காட்டியிருப்ப?"

வெள்ளச்சி தன் உடம்பில் ஒட்டியிருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தாள். "முழங்கால் சேறுன்னு சொன்ன" என்றாள்.

"அப்படித்தான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்."

"முழங்கால் சேறுன்னா எந்தம்பி இருக்கான்னு சொல்றதுல உனக்கு என்ன பயம்?"

அந்தக் கேள்விக்குத் தில்லை இன்றுவரை பதில் சொல்லவில்லை.

"பால் குடு" என்றாள் வெள்ளச்சி. "ரெண்டு கண்ணுக்கும் குடு. ஓதம் ஏறுறதுக்குள்ள அவன் கிடக்கிற இடத்தை நான் பார்க்கணும். கரையில கொண்டுவந்து போடணும். சேத்துல விட்டுட்டுப் போக முடியாது."

கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்கத்தான் தில்லை விரும்பியது. வேறு எதைக் கொடுத்து ஆற்றுவது என்று அதற்குத் தெரியவில்லை. தாழ்ந்த கிளை ஒன்றைத் தானே முறித்துக் கொடுத்தது. பால் சொட்டாக வரவில்லை, ஒழுகியது. வெள்ளச்சி அண்ணாந்து, இரண்டு கண்ணையும் விரலால் அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஆனால் பார்த்ததை மறைத்த மரத்தின் பால் அது. உள்ளுக்குள்ளேயே திரிந்துபோயிருந்தது. எப்போது திரிந்தது என்று தில்லைக்கே தெரியவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் புல்வெளிக்குத் திரும்பியிருந்த மான்கள் எல்லாம் தலை நிமிர்ந்தன. கடல் பக்கத்தில் பறவைகள் எழும்பிவிட்டன. அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டாள். மான் அவள் முகத்தை நக்கிவிடப் போனது. தில்லை, "தொடாதே, நாக்கு வெந்துடும்" என்றது. அதுதான் தில்லை கடைசியாகப் பேசிய பேச்சு.

அன்று இரவு ஓதம் முந்தின இரவைவிட உயர ஏறி, வெள்ளைத் தரையை மூடி வடிந்தது. உத்தண்டியின் உடம்பு கிடைக்கவில்லை. வெள்ளச்சிக்குக் கண் திரும்பவில்லை. மறுநாள் காலையில் வந்து பார்த்தவர்கள், தில்லையின் பழுத்த இலைகள் எல்லாம் மஞ்சளாகாமல் ரத்தச் சிவப்பாக நிற்பதைக் கண்டார்கள். அளத்துக்காரர்கள் பால் கேட்டுப் பார்த்தார்கள். மரம் பேசவில்லை. ஒருவன் பழக்கத்தில் முள்ளால் குத்தினான். பால் தெறித்துக் கையில் பட்ட இடம் கொப்புளித்தது. பிறகு யாரும் கிட்டே போகவில்லை. தில்லை வாயை மூடிக்கொண்டபின் மற்ற மரங்களும் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. மான்கள் மனிதரைக் கண்டால் ஓடத் தொடங்கின. எதிரியைக் கண்டு ஓடின என்று சிலர் சொல்கிறார்கள், முகம் கொடுக்க முடியாமல் ஓடின என்று சிலர் சொல்கிறார்கள். எது சரி என்று தெரியவில்லை.

வெள்ளச்சியை அளத்துக்காரர்கள் கட்டுப்பாட்டை மீறினவள் என்று ஒதுக்கவில்லை. ஒதுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவள் சேற்றின் கரையில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்தாள்.

சில மாதம் கழித்து, அந்தப் பக்கம் வந்த ஒரு குடும்பம், அவள் யார் என்று தெரியாமல், அக்கரைக்கு வழி கேட்டது. கூடவே கைக்குழந்தை இருந்தது. வெள்ளச்சி அதன் அழுகையைக் கேட்டாள். அவள் வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. கையைத் தூக்கப் பார்த்தாள், கை எழவில்லை. எழுந்து நின்று, கோலை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் சேற்றில் இறங்கினாள்.

"அம்மா, உங்களுக்குக் கண்ணு தெரியலையே. நீங்க எதுக்கு முன்னால போறீங்க?" என்றான் அந்தக் குடும்பத்து ஆள்.

"வழி தப்புன்னா முதல்ல நான் போகணும்" என்றாள் வெள்ளச்சி.

பாதத்தால் உமரிச் செடியைத் தடவித் தடவி நடந்தாள். அக்கரையில் அவர்களைக் கெட்டித் தரையில் ஏற்றிவிட்டு, அதே தடத்தில் தனியாகத் திரும்பி வந்தாள். சாகும்வரை அப்படித்தான் செய்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள்.

தில்லையின் பால் பட்டால் கண் போவதும், அதன் இலை சிவந்து விழுவதும் அந்த மாசி மகத்திலிருந்துதான். அளத்துக்காரர்களிடம் வழி கேட்டால் அவர்கள் வாயால் சொல்லாமல், கையாலும் காட்டாமல், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு முன்னால் இறங்கி நடப்பதும் அதிலிருந்துதான்.